கேன்சர் எலும்புக்குப் போறதும் லிவருக்குப் போறதும் மூளைக்குப் போறதும்

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 58 வயசு, மார்பக கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வருஷம் நல்லா இருந்தவங்களுக்கு இப்ப இடுப்பெலும்புலயும் முதுகெலும்புலயும் பரவியிருக்குன்னு பெட் ஸ்கேன்ல வந்திருக்கு. சித்தப்பாவுக்கு குடல் கேன்சர், லிவருக்குப் பரவி நாலே மாசத்துல போயிட்டார். ரெண்டு பேர் ஃபைல்லயும் இருக்குறது "நாலாவது ஸ்டேஜ்"ங்கிற ஒரே வார்த்தை, அப்ப அம்மாவுக்கும் நாலு மாசம்தானா, எந்த உறுப்புக்குப் போனா எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

தம்பி, சித்தப்பாவோட நாலு மாசத்தை எடுத்து அம்மா மேல வச்சுப் பாக்காதீங்க, முதல்ல அதைச் சொல்லிடுறேன். நான் ரேடியேஷன் டாக்டர், நம்ம ஜனங்க சொல்ற மாதிரி "கரண்ட் வைக்கிற" டாக்டர், என் வேலையில பாதி நேரம் பரவின கேன்சரோட வர்றவங்ககூடத்தான் போகுது, அதுல ஆறே வாரத்துல போனவங்களும் இருக்காங்க, பத்து வருஷமா தீபாவளி தவறாம ஸ்வீட் பாக்ஸோட வந்து நிக்கிறவங்களும் இருக்காங்க, எல்லார் ஃபைல்லயும் அதே நாலாவது ஸ்டேஜ்தான். பெரும்பாலான கேன்சர்ல, கட்டி பொறந்த இடத்தை விட்டு தூரமா வேற உறுப்புக்குப் போயிடுச்சு, அவ்வளவைத்தான் அந்த வார்த்தை சொல்லுது. எங்கேருந்து கிளம்புச்சு, எங்க போய் உக்காந்துச்சு, எத்தனை இடத்துல உக்காந்துச்சு, அந்த செல் எந்த மருந்துக்குக் கட்டுப்படும், இந்த நாலும் தெரியாம யாராவது நாள் கணக்கு சொன்னா அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கலாம், பாதி வீடுகள்ல தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. எலும்புக்குப் பரவின மார்பக கேன்சர் "எலும்பு கேன்சர்" கிடையாது. அந்த எலும்புல ஊசி போட்டு சதை டெஸ்டுக்கு அனுப்பினா மைக்ராஸ்கோப்ல தெரியுறது மார்பக செல்தான். சித்தப்பா லிவர்ல இருந்ததும் குடல் செல்தான். பொள்ளாச்சிக்காரர் சென்னைக்கு குடி போனாலும் வாயைத் திறந்தா பொள்ளாச்சிப் பேச்சுதானே வரும், அந்த மாதிரி. அதனால மருந்தை முடிவு பண்றது கிளம்பின ஊரு, ஆபத்து எவ்வளவுன்னு முடிவு பண்றது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஊரு. வருஷக்கணக்குல ஊர் மாறி இருந்தா பேச்சு கொஞ்சம் மாறுமில்லையா, அதே மாதிரி ஆறு வருஷம் முன்னாடி ஆபரேஷன்ல எடுத்த கட்டியோட குணமும் இப்ப எலும்புல இருக்குறதோட குணமும் சில பேருக்கு வேறவேறயா இருக்கும், அதனாலதான் பரவின இடத்துலயும் முடிஞ்சா மறுபடி சதை எடுத்து ஹார்மோன் ரிசெப்டர், ஹெர்2 ரெண்டையும் (எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு காட்டுற, மார்பக கேன்சர் செல்லோட அடையாளங்கள்) திரும்பப் பாக்கச் சொல்றாங்க. "ஏற்கனவே ஒருதரம் எடுத்தாச்சே, ஊசி பட்டா இன்னும் பரவிடும்"னு பயந்து வேண்டாம்னு சொல்லாதீங்க.

ஏன் ஒவ்வொரு கேன்சரும் சில இடத்தையே தேடிப் போகுதுங்கிறதை 1889லயே லண்டன்ல ஸ்டீபன் பேஜட்னு ஒரு சர்ஜன் யோசிச்சிருக்கார். மார்பக கேன்சர்ல இறந்த 735 பேரோட பிரேதப் பரிசோதனை விவரத்தை எடுத்து எண்ணிப் பாத்தார், லிவர்ல பரவியிருந்தது 241 பேருக்கு, மண்ணீரல்ல வெறும் 17 பேருக்கு. மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாத்தான் போகுது, ரத்தம் கொண்டு போய்க் கொட்டுறது மட்டும்தான் காரணம்னா இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. அதனால அவர் சொன்னது, விதை எல்லா பக்கமும்தான் பறக்குது, ஒத்துக்குற மண்ணுல விழுந்தாத்தான் முளைக்குதுன்னு. விவசாயம் பாத்த குடும்பத்துக்கு இதை விளக்கவே வேண்டாம். 1928ல அமெரிக்காவுல ஜேம்ஸ் எவிங் வேற மாதிரி சொன்னார், ரத்தக்குழாய் எந்த வழியா ஓடுதோ அந்த வழியில முதல்ல வர்ற உறுப்புலதான் செல் போய் மாட்டும்னு. ரெண்டு பேர் சொன்னதுலயும் உண்மை இருக்கு. குடல்ல இருந்து வர்ற ரத்தம் எல்லாம் போர்ட்டல் வெய்ன் வழியா முதல்ல லிவருக்குத்தான் போகும், சாப்பாட்டுச் சத்து போற அதே பாதை, அதனால குடல் கேன்சர் லிவர்ல முதல்ல உக்காருது. ஆனா மலக்குடலோட அடிப்பாகத்து ரத்தம் லிவரைத் தொடாம நேரா இதயத்துக்குப் போற பெரிய குழாய்ல கலந்துடும், அதனால அங்க வர்ற கேன்சர் லிவரை விட்டுட்டு நேரா நுரையீரலுக்குப் போறதும் உண்டு. ப்ராஸ்டேட்டுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல வால்வே இல்லாத ஒரு ரத்தக்குழாய் வலை இருக்குன்னு 1940ல பேட்சன்னு ஒரு அனாடமி பேராசிரியர் காட்டினார், ப்ராஸ்டேட் கேன்சர் ஏன் முதுகெலும்பைப் பிடிக்குதுங்கிறதுக்கு இன்னிக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்குறோம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. 1970ல ஃபிட்லர்னு ஒருத்தர் எலியோட ரத்தத்துல கேன்சர் செல்லை ஊசியா போட்டு அடையாளம் வச்சு தேடிப் பாத்தார், ஒரு நாள் கழிச்சு ஆயிரத்துல ஒரு செல் கூட முழுசா மிஞ்சல. அவ்வளவு கஷ்டம் அந்த செல்லுக்கு. புது உறுப்புல போய் வேர் விடுறது லேசான காரியம் இல்ல, சிலது போய் உக்காந்தாலும் வளராம வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டே கிடக்கும், ஹார்மோன் பாசிட்டிவ் மார்பக கேன்சர்ல பத்து, பதினஞ்சு வருஷம் கழிச்சுக் கூட முழிச்சுக்கிட்டு வர்றதுக்கு அதுதான் காரணம். உங்க அம்மாவுக்கு ஆறு வருஷம் இடைவெளி இருந்ததும் நல்ல பக்கமா எடுத்துக்க வேண்டிய விஷயம், ஆபரேஷன் முடிஞ்ச ஆறே மாசத்துல பரவுறதோட குணம் வேற, ஆறு வருஷம் கழிச்சு வர்றதோட குணம் வேற.

இப்ப எலும்பு. பரவுற இடங்கள்லயே எலும்பு மட்டும்னு இருந்தா அது ஒப்பிட்டுப் பாக்குறப்ப நல்ல நிலைதான், மார்பக கேன்சர்லயும் ப்ராஸ்டேட் கேன்சர்லயும் திரும்பத் திரும்பப் பாத்த விஷயம் இது. காரணம் ரொம்ப சாதாரணமானது, இடுப்பெலும்புல ஓட்டை விழுந்தா வலிக்கும், உடையும், ஆனா மூச்சு நிக்காது, ரத்தத்துல விஷம் ஏறாது, லிவரும் நுரையீரலும் மூளையும் அதுபாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும், அதனால மருந்து வேலை செய்யுறதுக்கு அவகாசம் கிடைக்குது. ப்ராஸ்டேட்டுக்கு ஒரு கணக்கு சொல்றேன், 2016ல வந்தது, ஒன்பது பெரிய ட்ரையல்ல இருந்த 8,820 ஆண்களை ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, ஹார்மோன் சிகிச்சை கை விட்டுப் போய் டோசிடாக்சல் கீமோ ஆரம்பிச்ச நிலையில இருந்தவங்க எல்லாரும். நெறிக்கட்டிக்கு மட்டும் பரவினவங்களோட மீடியன், அதாவது அவங்கள்ல நடுவுல நிக்கிறவர் வாழ்ந்த காலம், 31.6 மாசம், எலும்புக்குப் பரவினவங்க 21.3, நுரையீரலுக்குப் போனவங்க 19.4, லிவருக்குப் போனவங்க 13.5. ஒரே கேன்சர், ஒரே மருந்து, போய் உக்காந்த இடத்தால மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். (இது முத்தின நிலையில எடுத்த கணக்கு, இப்பத்தான் கண்டுபிடிச்சவங்க இந்த நம்பரைத் தனக்குன்னு எடுத்துக்க வேண்டாம்.)

மார்பக கேன்சர்ல ஹார்மோன் பாசிட்டிவா இருந்து ஹெர்2 நெகட்டிவா இருந்தா, அம்மா வயசுல பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கீமோ கூட முதல்ல தேவைப்படாது, லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரையோட ரைபோசைக்லிப், பால்போசைக்லிப் வகை மாத்திரை ஒண்ணு சேத்துக் கொடுப்பாங்க. ரைபோசைக்லிப் ட்ரையல்ல எலும்பு, லிவர், நுரையீரல்னு எங்கெங்கயோ பரவினவங்க எல்லாரும் கலந்து இருந்தாங்க, மாத்திரை சேத்தவங்களோட மீடியன் 63.9 மாசம், லெட்ரோசோல் மட்டும் எடுத்தவங்களுக்கே 51.4. அதாவது அஞ்சு வருஷத்துக்கு மேல, கவனிச்சுப் பாருங்க, நாலு மாசம் எங்க, இது எங்க. பால்போசைக்லிப்புக்கு 2023 ஜனவரியில நம்ம நாட்டுல பேட்டன்ட் முடிஞ்சு பல கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்சதும் விலையும் நல்லா இறங்கிடுச்சு. கூடவே எலும்பு உடையாம இருக்க சோலட்ரானிக் ஆசிட் ஊசியோ டெனோசுமாப்போ போடுவாங்க, அதுக்கு முன்னாடி ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டி, ஆடுற பல்லு, சொத்தைப் பல்லு இருந்தா எடுத்துட்டு வந்துடுங்க, ஊசி ஆரம்பிச்சப்புறம் பல்லு புடுங்கினா தாடை எலும்பு ஆறாம அவஸ்தைப்படுறவங்களை நான் பாத்திருக்கேன். வலிக்கிற எலும்புக்கு கரண்ட் வைக்கிறதுன்னா மாசக்கணக்கா அலையணும்னு நினைக்காதீங்க, உடையுற நிலையில இல்லாத எலும்புக்கு ஒரே ஒரு நாள் கொடுக்குற 8 கிரே (கிரேங்கிறது கதிரோட அளவு) டோஸ், பத்து நாள் கொடுக்குறதுக்கு சமமா வலியைக் குறைக்கும்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுறதுக்கு காரணம் எங்க பெரியம்மா. நான் எம்பிபிஎஸ் முடிக்காத காலம், அவங்களுக்கு இதே மார்பக கேன்சர் இதே மாதிரி இடுப்பெலும்புக்குப் போச்சு, ஹார்மோன் பாசிட்டிவ். அதுக்கு முந்தின வருஷம்தான் சொந்தத்துல ஒருத்தர் கணையத்துல வந்து லிவருக்குப் பரவி ரெண்டு மாசத்துல போயிருந்தார், அந்த சாவை மனசுல வச்சுக்கிட்டு பெரியவங்க எல்லாம் உக்காந்து பேசி "நாலாவது ஸ்டேஜ், இனிமே அலைய விடக் கூடாது, இருக்குற வரைக்கும் வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்"னு முடிவு எடுத்து மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. பாசத்துல எடுத்த முடிவுதான். மூணாவது மாசம் பாத்ரூம் போற வழியில தொடை எலும்பு உடைஞ்சு, அதுக்கப்புறம் எட்டு மாசம் படுக்கையிலயே கெடந்தாங்க, நிம்மதின்னு ஒரு நாள் கூட இல்ல. ஒரு மாத்திரை, ஒரு ஊசி, ஒரு நாள் ரேடியேஷன், இதுல எதுவும் அன்னிக்கும் கிடைக்காத பொருள் இல்ல. கணையம் வேற, மார்பகம் வேற, லிவர் வேற, எலும்பு வேறன்னு எடுத்துச் சொல்ல அந்தக் கூட்டத்துல ஒரு ஆள் இல்லாமப் போச்சு. அதனால யாராவது "எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு இப்படித்தான்"னு ஆரம்பிச்சா நான் கையில இருக்குற வேலையை வச்சுட்டு உக்காந்து பேசுவேன்.

லிவர் கஷ்டமான இடம்தான், மறைக்கல. ரத்தம் உறையுறதுக்கான பொருள், ரத்தத்துல தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஆல்புமின், உடம்புல சேர்ற கழிவை முறிக்கிறது எல்லாம் அங்கதான் நடக்குது, அதுல கட்டி நிறைய இடத்தைப் பிடிச்சா மஞ்சக்காமாலை, வயித்துல நீர், சோர்வுன்னு வரிசையா வரும். இன்னொரு கொடுமையும் இருக்கு, நிறைய கீமோ மருந்தை உடம்புல இருந்து கழிச்சு வெளியேத்துறதே லிவர்தான், மஞ்சக்காமாலையில ஏறுற பிலிருபின் ரத்தத்துல ஏறிடுச்சுன்னா மருந்தோட அளவைக் குறைக்கணும், சிலதை கொடுக்கவே முடியாது, அதாவது மருந்து ரொம்பத் தேவைப்படுற நேரத்துல மருந்துக்கு வழி அடைஞ்சு போகுது. சித்தப்பாவுக்கு அப்படி ஆகியிருக்கலாம், ரிப்போர்ட் பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது.

ஆனா குடல் கேன்சர் லிவருக்குப் போறதுன்னாலே முடிவுன்னு நினைச்சுடாதீங்க, பரவின கேன்சரை வெட்டி எடுத்து சில பேரையாவது முழுசா குணமாக்க முடியுற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. ஆரோக்கியமான லிவர்ல முக்கால் பாகம் வரைக்கும் எடுத்தாலும் மீதி வளர்ந்துக்கும், வேற எந்த உறுப்புக்கும் இந்த வரம் கிடையாது. நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல இப்படி ஆபரேஷன் பண்ணின 612 பேரை பத்து வருஷத்துக்கு அப்புறம் எண்ணிப் பாத்தாங்க, 102 பேர் பத்து வருஷத்தைத் தாண்டி உயிரோட இருந்தாங்க. ஆறுல ஒருத்தர், 2007ல வந்த கணக்கு. ஆபரேஷனே முடியாதுன்னு விட்டவங்கள்ல ரொம்பக் கவனமா தேர்ந்தெடுத்த சில பேருக்கு லிவரையே மாத்தி வச்சுப் பாத்த ட்ரையல் 2024ல வந்துச்சு, அஞ்சு வருஷம் இருந்தவங்க கிட்டத்தட்ட 57 சதவீதம், கீமோ மட்டும் எடுத்தவங்கள்ல 13 சதவீதம். எல்லாருக்கும் கிடைக்குற வழி இல்ல இது, ஆனா லிவர்ல கட்டின்னு ரிப்போர்ட் வந்தா லிவர் சர்ஜன் ஒருத்தர் ஒரு தடவையாவது ஸ்கேனைப் பாக்காம "முடியாது"ங்கிற வார்த்தையை ஏத்துக்காதீங்க. அதே குடல் கேன்சர் வயித்து உள்ஜவ்வுல பொடிப்பொடியா பரவியிருந்தா லிவரை விட மோசம், குடல் அடைச்சுக்கும், நீர் கோத்துக்கும், ஸ்கேன்லயும் சரியா தெரியாது.

ஆபத்து வரிசையில நுரையீரல் நடுவுல. ரெண்டு பக்கமும் தாராளமா இடம் இருக்குறதால சின்னச் சின்னக் கட்டி பல மாசம் ஒரு தொந்தரவும் கொடுக்காம இருக்கும், சிலருக்கு வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியும். மூச்சு வாங்குதுன்னா பெரும்பாலும் நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கும், அதை எடுத்துட்டா அன்னிக்கே மூச்சு லேசாகும். பிள்ளைங்களுக்கும் வாலிபப் பசங்களுக்கும் வர்ற எலும்பு கேன்சர், அது நிஜமான எலும்பு கேன்சர், அது நுரையீரலுக்குப் பரவினாலும் ஆபரேஷன்ல ஒவ்வொண்ணா எடுத்து, கீமோ கொடுத்து சில பசங்களைக் காப்பாத்துறாங்க.

மூளைன்னதும் எல்லாருக்கும் கை கால் உதறுது, ஒரு காலத்துல அது நியாயமான பயம்தான். மண்டையோடு ஒரு மூடின பெட்டி, உள்ள ஒரு நெல்லிக்காய் அளவு கட்டியும் அதைச் சுத்தி வீக்கமும் வந்தா தள்ளிப் போக இடம் இல்ல, வலிப்பு, ஒரு பக்கம் இழுத்துக்குறது, வாந்தி, பேச்சு குளறுறதுன்னு வரும். போதாததுக்கு மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர் காவல்காரன் மாதிரி, பாதி மருந்தை உள்ள விடாது, உடம்பு முழுக்க கேன்சர் அடங்கியிருக்கும்போது மூளையில மட்டும் வளரும். ஆனா இங்கயும் எத்தனைங்கிறது பெரிய விஷயம். 1990லயே பேட்செல்னு ஒரு டாக்டர், ஒரே ஒரு கட்டி மூளையில இருந்த 48 பேரை வச்சு நடத்தின ட்ரையல்ல, ஆபரேஷன் பண்ணிட்டு ரேடியேஷன் கொடுத்தவங்க மீடியன் 40 வாரம், ரேடியேஷன் மட்டும்னா 15 வாரம். அன்னிக்கு 40 வாரமே பெருசு. இன்னிக்கு தலையைத் திறக்காமலே கட்டியை மட்டும் குறி வச்சு ஒரே நாள்ல கதிர் கொடுக்குறோம், சுத்தி இருக்குற மூளைக்கு பாதிப்பு குறைவு, மறுநாள் வீட்டுல இருப்பாங்க. மருந்தும் மாறிடுச்சு, ஹெர்2 பாசிட்டிவ் மார்பக கேன்சர் மூளைக்குப் போனவங்களுக்கு டுகாட்டினிப்னு ஒரு மாத்திரை சேத்துப் பாத்தப்ப மீடியன் 12.5 மாசத்துல இருந்து 21.6 மாசமா ஏறுச்சு. நுரையீரல் கேன்சர்ல ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கேங்கிற ஜீன்கள்ல மாற்றம் இருக்குறவங்களுக்கு ஒசிமெர்டினிப், அலெக்டினிப், லார்லாட்டினிப்னு மூளைக்குள்ளயும் நல்லா நுழையுற மாத்திரைகள் இருக்கு, சிகரெட்டே தொடாத நம்ம ஊர்ப் பெண்களுக்கு வர்ற நுரையீரல் கேன்சர்ல இந்த மாற்றம் அடிக்கடி இருக்கும், அந்த டெஸ்ட் ரிசல்ட் வராம கீமோ ஆரம்பிக்க அவசரப்பட வேண்டாம்னு நான் எல்லாரையும் கெஞ்சிக் கேட்டுக்குறேன். மூளையைச் சுத்தி இருக்குற ஜவ்வுலயும் தண்டுவடத் தண்ணியிலயும் பரவுறது மட்டும் இன்னிக்கும் பெரும்பாலானவங்களுக்கு மாசக் கணக்குதான், அதை நான் மாத்திச் சொல்ல முடியாது.

இதுவரைக்கும் சொன்ன வரிசை, நெறிக்கட்டி, எலும்பு, நுரையீரல், லிவர், மூளைன்னு, அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா இன்னொரு பக்கம் ஏமாந்துடுவோம், ஏன்னா கிளம்பின இடம் இந்த வரிசையையே புரட்டிப் போட்டுடும். விதைப்பை கேன்சரை எடுத்துக்கோங்க, சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996ல கண்டுபிடிக்கும்போதே வயிறு, நுரையீரல், மூளைன்னு பரவியிருந்துச்சு, இன்னிக்கும் இருக்கார், சிஸ்பிளாட்டின்ங்கிற மருந்து அந்த செல்லை அப்படி அழிக்கும். அந்த கேன்சர்ல நுரையீரலுக்குப் பரவினவங்களைக் கூட, ரத்தத்துல மார்க்கர் (அந்தக் கட்டி ரத்தத்துல விடுற அடையாளப் பொருள்) குறைவா இருந்தா, "நல்ல" குரூப்லதான் சேக்குறாங்க, 1997ல வகுத்த கணக்குலயே அந்தக் குரூப்ல அஞ்சு வருஷம் தாண்டினவங்க 92 சதவீதம். லிவர், எலும்பு, மூளைக்குப் போனா மோசமான குரூப், அதுலயும் 48 சதவீதம் பேர் தாண்டினாங்க. சாதாரண வகை தைராய்டு கேன்சர்ல 55 வயசுக்குக் கீழ இருந்தா, நுரையீரலுக்கே பரவியிருந்தாலும் ஸ்டேஜ் ரெண்டுதான், நாலுங்கிற நம்பரே அவங்களுக்குக் கிடையாது, அயோடின் மருந்தைக் குடிச்சுட்டு பல வருஷம் குடும்பம் நடத்துறாங்க. கணையத்துலயே ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்ற நியூரோஎண்டோக்ரைன் வகைன்னு ஒண்ணு இருக்கு, ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது அதுதான், 2003ல கண்டுபிடிச்சாங்க, 2009ல லிவர் மாத்தினாங்க, 2011ல இறந்தார், அதே கணையத்துல வர்ற சாதாரண வகை லிவருக்குப் போனா பெரும்பாலும் ஒரு வருஷத்தைத் தாண்டுறதே கஷ்டம். மெலனோமாங்கிற தோல் கேன்சர்லதான் பரவின இடத்துக்கு இருக்குற மதிப்பு ஸ்டேஜிலேயே எழுதியிருக்கு, தோலும் நெறிக்கட்டியும்னா எம்1ஏ, நுரையீரல்னா எம்1பி, மத்த உள்ளுறுப்பு எம்1சி, மூளை எம்1டி. அதே மெலனோமா பரவினா பெரும்பாலானவங்க ஒரு வருஷம் தாண்டாத காலம் போய், ரெண்டு இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற) மருந்தைச் சேத்துக் கொடுத்த ட்ரையல்ல பத்து வருஷம் கழிச்சும் 43 சதவீதம் பேர் உயிரோட இருக்காங்க.

மீடியன் மீடியன்னு இத்தனை தடவை சொன்னேன், அது என்னன்னு சொல்லாம விட்டா தப்பு. நூறு பேரை அவங்க வாழ்ந்த நாள் வரிசைப்படி நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆளோட கணக்குதான் மீடியன். பாதிப் பேர் அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, பாதிப் பேர் அதுக்கு மேல இருந்தாங்க, அதுல சிலர் ரொம்ப வருஷம் இருந்தாங்க. உங்க அம்மா வரிசையில எங்க நிக்கிறாங்கன்னு அந்த நம்பருக்குத் தெரியாது. ஆனா கொஞ்சம் ஊகிக்க சில விஷயம் இருக்கு, எழுந்து நடந்து தன் வேலையைத் தானே பாத்துக்குறாங்களா, எடை குறைஞ்சுக்கிட்டே போகுதா, ரத்தத்துல ஆல்புமின், ஹீமோகுளோபின் எப்படி இருக்கு, மூணு மாசம் மருந்து எடுத்தப்புறம் ஸ்கேன்ல அடங்கியிருக்கா. முதல் நாள் சொல்ற கணக்கை விட அந்த முதல் ஸ்கேனுக்கு அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குதான் உருப்படியா இருக்கும்.

எத்தனை இடம்ங்கிறதையும் கேளுங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு இடத்துக்குள்ள மட்டும் பரவியிருந்தவங்களுக்கு ஒவ்வொரு இடத்துலயும் குறி வச்சு கதிர் கொடுத்துப் பாத்த ட்ரையல் ஒண்ணு இருக்கு, 99 பேர்தான், சின்னது, பலவிதமான கேன்சர் கலந்தது, ஆனா அஞ்சு வருஷம் இருந்தவங்க 42 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும்னா 18 சதவீதம். மார்பக கேன்சருக்குன்னு தனியா பாத்த ட்ரையல்ல அப்படிப் பெரிய லாபம் தெரியல, அதனால அம்மாவுக்கு இதைத்தான் பண்ணணும்னு நான் சொல்ல வரல, பெட் ஸ்கேன்ல எத்தனை இடம்னு எண்ணி வச்சுக்கோங்க.

"பாலியேட்டிவ்"னு, அதாவது வலியையும் தொந்தரவையும் குறைக்கிற சிகிச்சைன்னு, டாக்டர் சொன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு அழுவுறவங்களை வாரா வாரம் பாக்குறேன். பரவின நுரையீரல் கேன்சர்ல முதல் நாள்ல இருந்தே கீமோவோட பாலியேட்டிவ் டாக்டரும் சேந்து பாத்தவங்க 11.6 மாசம், கீமோ மட்டும்னு இருந்தவங்க 8.9 மாசம், 2010ல வந்த ட்ரையல், 151 பேர். வலிக்கு, தூக்கத்துக்கு, பசிக்கு, மனசுக்கு ஆள் இருந்தா உடம்பு மருந்தைத் தாங்குது. மார்ஃபின் மாத்திரைக்கு பயப்பட வேண்டாம், வலிக்காக டாக்டர் சொன்ன அளவுல எடுத்தா அடிமையாகுறது அபூர்வம், அதோட மலச்சிக்கலுக்கும் ஒரு மருந்து சேத்துக் கேட்டு வாங்கிக்கோங்க.

அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க: ஹார்மோன் ரிசெப்டரும் ஹெர்2வும் இப்ப என்ன, எலும்பைத் தவிர வேற எங்கயாவது இருக்கா, எந்த எலும்பு உடையுற நிலையில இருக்கு, கால்சியம் அளவு எவ்வளவு. அம்மா திடீர்னு தூங்கிக்கிட்டே இருந்தாலோ, தாகம் தாங்காம தண்ணி குடிச்சாலோ, மலச்சிக்கல், குழப்பமான பேச்சுன்னு இருந்தாலோ கால்சியம் ஏறியிருக்கலாம், அது ஊசியில இறங்கிடும், வயசுன்னு விட்டுடாதீங்க.

கடைசியா ஒண்ணு, முதுகெலும்புல பரவியிருக்குன்னு சொன்னதால. முதுகு வலி படுத்தா அதிகமாகுது, பெல்ட் கட்டின மாதிரி வயித்தைச் சுத்தி இழுக்குது, கால் மரத்துப் போகுது, மாடிப்படி ஏறும்போது கால் தள்ளாடுது, ஒண்ணுக்கு வர மாட்டேங்குது, இதுல ஒண்ணு புதுசா ஆரம்பிச்சாலும் கட்டி தண்டுவடத்தை அழுத்துதுன்னு வச்சுக்கோங்க. அப்படி அழுத்தினவங்கள்ல ஆபரேஷனும் ரேடியேஷனும் சேத்துப் பண்ணினப்ப 84 சதவீதம் பேர் நடந்தாங்க, ரேடியேஷன் மட்டும்னா 57, ஆனா ரெண்டுலயுமே ஆஸ்பத்திரிக்கு வரும்போது நடந்து வந்தவங்கதான் பெரும்பாலும் நடந்து வீட்டுக்குப் போறாங்க, கால் முழுசா விழுந்து ரெண்டு நாள் ஆனவங்களுக்கு என்னால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால அந்த அறிகுறி ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் திங்கட்கிழமை ஓபி வரட்டும்னு இருக்காதீங்க, அம்மாவைப் படுக்க வச்சபடியே வண்டியில ஏத்தி, எம்ஆர்ஐ இருக்குற ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய், முதல் வார்த்தையா "கேன்சர் முதுகெலும்புல இருக்கு, கால் மரத்துப் போச்சு"ன்னு சொல்லுங்க.